சலூன்களை மூட வைத்த சங்கம்

"சும்மா மனு கொடுத்தால் ஒன்றும் நடக்காது, பிரஷர் கொடுக்க வேண்டும்." குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், குடியிருப்போர் கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அந்த பிரஷரை யார், யாருக்கு, எப்படிக் கொடுப்பது? கொடுத்து ஒன்றை வாங்கிவிட்டால் அது நிலைக்குமா? இந்தக் கேள்விகள் வரும்போது பேச்சு நின்றுவிடுகிறது.

இவற்றுக்கு விடை தேட உதவும் ஒரு பழைய கதை அமெரிக்காவில் உண்டு. ஒரு சிறிய கல்லூரி ஊரில் தொடங்கிய ஒரு சங்கம், அந்த நாட்டின் அரசியல் சட்டத்தையே மாற்ற வைத்தது. அந்த மாற்றம் அமலுக்கு வந்து 14 ஆண்டுகள் முடிவதற்குள், அதே நாடு அதை ரத்தும் செய்தது. சங்கம் வென்ற விதத்திலும் பாடம் இருக்கிறது, தோற்ற விதத்திலும் பாடம் இருக்கிறது.

மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. அதில் ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் இருக்கும். அரசியல் அழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

சலூன் என்றால்

நம் ஊரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. அமெரிக்காவில் அது மதுக்கடை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நகரங்களின் தெருமுனைகளில் எல்லாம் சலூன்கள் முளைத்திருந்தன. பெரும்பாலானவை பீர் ஆலைகளின் பணத்தில் நடந்தவை. ஒரு ஆலை ஒரு முனையில் கடை போட்டால், போட்டி ஆலை எதிர் முனையில் கடை போடும். மதிய உணவு இலவசம் என்று அழைப்பார்கள். உணவில் உப்பு தூக்கலாக இருக்கும், குடிப்பது தானாகக் கூடும். தொழிலாளியின் வாரக்கூலி வீட்டுக்குப் போகும் வழியிலேயே கரைந்தது. வட்டார அரசியல்வாதிகள் ஓட்டு பிடிப்பதும் விலை பேசுவதும் பல இடங்களில் அங்கேதான் நடந்தன.

இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள். அவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுரிமை கிடையாது. 1874ல் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிரான்சஸ் வில்லார்ட் என்பவர் அதற்கு நெடுங்காலம் தலைவராக இருந்தார். கான்சாஸ் மாநிலத்தில் கேரி நேஷன் என்ற பெண்மணி கைக்கோடரியுடன் சலூன்களுக்குள் புகுந்து புட்டிகளையும் கண்ணாடிகளையும் உடைத்துப் புகழ்பெற்றார். நாளிதழ்களில் செய்தி வந்தது. சலூன்கள் மறுபடியும் திறந்துகொண்டன.

ஆண்கள் வேறு வழியில் முயன்றார்கள். 1869ல் மதுவிலக்குக் கட்சி என்று ஒரு தனிக் கட்சியே தொடங்கினார்கள். 1892 அதிபர் தேர்தலில் அதற்குக் கிடைத்த வாக்குகள் சுமார் 2 சதவீதம். அதுதான் அதன் உச்சம் என்று சொல்ல வேண்டும். தனிக் கட்சியாக நின்றால் 2 சதவீதம் என்பது வெறும் தோல்வி. ஆனால் அதே 2 சதவீதத்தை வேறு விதமாகப் பயன்படுத்த முடியும் என்று ஒருவருக்குத் தோன்றியது.

ஒரே ஒரு கேள்வி

அவர் ஹோவர்ட் ஹைட் ரஸ்ஸல். ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற கல்லூரி ஊரில், 1893ல் சலூன் எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1895ல் அது தேசிய அமைப்பாக விரிந்தது. அந்தச் சங்கத்தில் முழுநேர ஊழியராக முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் வெய்ன் வீலர். ஓபர்லினில் படித்தவர். சிறுவயதில் பண்ணையில் குடிபோதையில் இருந்த வேலையாள் ஒருவரின் வைக்கோல் முள்கரண்டி இவர் காலில் குத்தியது. அந்தக் கதையை மேடைதோறும் சொல்வார். சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று தேவாலயங்களில் பேசி ஆள் சேர்த்தார். இடையில் சட்டமும் படித்து வழக்கறிஞர் ஆனார். பார்வைக்கு ஒரு சாதாரண குமாஸ்தா போல இருந்த இவர்தான், பின்னாளில் எம்.பி.க்கள் நடுங்கும் மனிதராக வளர்ந்தார்.

சங்கத்தின் முறை எளிமையானது. அது வேட்பாளர்களை நிறுத்தவில்லை. எந்தக் கட்சியையும் நிரந்தரமாக ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டது: "மது பற்றிய மசோதா வந்தால் எந்தப் பக்கம் வாக்களிப்பீர்கள்?" வரி, ரயில்வே, வெளியுறவு பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதில் சங்கத்துக்கு அக்கறை இல்லை. அவர் குடிப்பவரா என்றுகூடக் கேட்கவில்லை. வாக்கைச் சரியாகப் போட்டால் போதும். பின்னாளில் அதிபரான வாரன் ஹார்டிங் இதற்கு நல்ல உதாரணம். செனட்டராக மதுவிலக்குக்கு ஆதரவாக வாக்களித்தார். அதிபரான பிறகு, மதுவிலக்கு அமலில் இருந்த காலத்திலேயே, வெள்ளை மாளிகையில் தன் சீட்டாட்ட நண்பர்களுக்கு விஸ்கி வழங்கினார்.

இந்த முறையின் பலம் கூட்டல் கணக்கில் இருக்கிறது. ஒரு தொகுதியில் 10,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்சிகளுக்கும் தலா 4,500 நிச்சய வாக்குகள். மிச்சம் 1,000 பேர். அவர்கள் சிதறிக் கிடந்தால் அவர்களை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அவர்கள் ஒரே கேள்விக்குப் பின்னால் ஒன்றாக நின்று, சொன்னால் சொன்னபடி பக்கம் மாறுவார்கள் என்று தெரிந்துவிட்டால், இரண்டு வேட்பாளர்களும் அவர்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். மற்ற 9,000 பேருக்கு அந்தக் கேள்வியில் பெரிய ஆர்வம் இல்லை என்பதுதான் இந்த 1,000 பேரின் பலம்.

ஒஹாயோ, 1905

இது வெறும் மிரட்டல் இல்லை என்று ஒருமுறை காட்ட வேண்டியிருந்தது. ஒஹாயோவின் ஆளுநர் மைரன் ஹெரிக் அதற்கு வாய்ப்புக் கொடுத்தார். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதல்வருக்கு நிகரானவர். ஹெரிக் குடியரசுக் கட்சிக்காரர், செல்வாக்கு மிக்க வங்கியாளர். 1903ல் 1 லட்சத்துக்கும் அதிக வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். தங்கள் பகுதியில் சலூன் வேண்டுமா வேண்டாமா என்று குடியிருப்பவர்களே வாக்களித்து முடிவு செய்யும் மசோதா ஒன்றை, சங்கம் சட்டமன்றத்தில் நகர்த்திக்கொண்டிருந்தது. ஹெரிக் அதை நீர்த்துப்போகச் செய்தார்.

1905 தேர்தலில் சங்கம் அவருக்கு எதிராக இறங்கியது. அவரை எதிர்த்து நின்ற ஜான் பாட்டிசன் மதுவிலக்கை ஆதரித்த ஜனநாயகக் கட்சிக்காரர். மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான கூட்டங்கள் நடந்தன. ஹெரிக்கை ஓசையில்லாமல் ஆதரிக்கும்படி பீர் ஆலைகளின் சங்கத்திலிருந்து எழுதப்பட்ட ரகசியக் கடிதம் ஒன்று வீலர் கைக்குக் கிடைத்தது. அவர் அதைப் படம் எடுத்து, ஆயிரக்கணக்கில் பிரதிகள் போட்டு, வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு தேவாலயங்களுக்கு அனுப்பினார். ஹெரிக் தோற்றார். மாநில அளவிலான பதவிகளுக்குப் போட்டியிட்ட அவர் கட்சியின் மற்ற வேட்பாளர்கள் வென்றார்கள். ஒரே சீட்டில் ஒரு பெயரை மட்டும் அடித்து விழச் செய்ததுதான் செய்தி. அதன் பிறகு எல்லா மாநிலங்களின் அரசியல்வாதிகளும் ஹெரிக்கை நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

காணிக்கையும் அச்சகமும்

அழுத்தம் என்பது ஒரு நாள் ஆர்ப்பாட்டம் அல்ல என்பதைச் சங்கம் நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் முதலான சபைகளின் தேவாலயங்கள்தான் அதன் கிளைகள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சங்கத்தின் பேச்சாளர் பேசுவார். மாதம் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க அட்டைகள் சுற்றி வரும். ராக்பெல்லர் போன்ற பெரும் பணக்காரர்களும் நன்கொடை கொடுத்தார்கள். ஆனால் சங்கத்தை மாதாமாதம் நடத்தியது அந்தச் சிறு தொகைகள்தான். கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் சங்கத்தின் பதிவேட்டில் இருந்தன. ஒரு மசோதா வரும்போது அந்த முகவரிகளிலிருந்து எம்.பி.க்குக் கடிதங்களும் தந்திகளும் மழையாகப் பொழியும்.

1909ல் சங்கம் தன் தலைமையகத்தையும் அச்சகத்தையும் ஒஹாயோவின் வெஸ்டர்வில் என்ற சிற்றூருக்கு மாற்றியது. 1870களில் அந்த ஊரில் திறக்கப்பட்ட சலூன் ஒன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட மனநிலை கொண்ட ஊர். அங்கிருந்து துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், பத்திரிகைகள் என மாதம் 40 டன்னுக்கும் மேல் அச்சாகி வெளியே போயின. வேட்பாளர்களின் வாக்களிப்புப் பதிவுகளையும் அச்சிட்டார்கள். மேடையில் என்ன பேசினார் என்பதைவிட, சபையில் எப்படி வாக்களித்தார் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

1928ல் பீட்டர் ஓடகார்ட் என்ற அரசியல் ஆய்வாளர் இந்தச் சங்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'பிரஷர் பாலிடிக்ஸ்'. நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்லும் பிரஷருக்கு இப்படி ஒரு பூர்வகதை உண்டு.

பணம் இருந்தும் தோற்றவர்கள்

எதிர்த்தரப்பிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒற்றுமை இல்லை. விஸ்கியைத்தான் தடை செய்வார்கள், பீரை விட்டுவிடுவார்கள் என்று பீர் முதலாளிகள் நம்பினார்கள். அதனால் விஸ்கிக்காரர்களோடு சேர்ந்து நிற்கவில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தால் சலூன்கள் மூடப்படும் என்று பயந்து அதையும் எதிர்த்தார்கள். இதனால் பெண்களின் பகையைக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் தேர்தல்களில் சட்டவிரோதமாகப் பணம் செலவழித்ததாகப் பீர் ஆலைகள் மீது அரசே வழக்குத் தொடர்ந்தது. 1916ல் அவை அபராதம் கட்டின. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் ஒரு வகை அழுத்தம்தான். வெளியே தெரிந்துவிட்டால் அது கொடுத்தவரையே திருப்பித் தாக்கும்.

கஜானாவும் போரும்

இருந்தாலும் ஒரு பெரிய தடை மிச்சம் இருந்தது. அது அரசாங்கத்தின் கஜானா. மத்திய அரசின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மது மீதான வரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. எந்த அரசும் தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொள்ளாது. எனவே மதுவிலக்குக்காரர்கள் வருமான வரியை ஆதரித்தார்கள். 1913 பிப்ரவரியில் 16ஆவது திருத்தம் வருமான வரிக்கு வழி திறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, சங்கத்தின் ஆண்களும் மதுவிலக்குச் சங்கத்தின் பெண்களும் தலைநகர் வாஷிங்டனில் திரளாக ஊர்வலம் போய், நாடு தழுவிய மதுவிலக்குக்கான திருத்தத்தின் வரைவைக் கொடுத்தார்கள். ஒரு வரி வந்ததால்தான் இன்னொரு வரியை விட்டுக்கொடுக்கச் சொல்ல முடிந்தது.

1914 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 197, எதிர்ப்பு 190. பெரும்பான்மை கிடைத்தது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. சங்கம் சோர்ந்துவிடவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்களின் தொகுதிகளில் வேலையைத் தொடங்கியது. 1916 தேர்தலில் சபையின் நிறமே மாறியது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. எதிரி ஜெர்மனி. அமெரிக்காவின் பெரிய பீர் ஆலைகளின் பெயர்களோ பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர், புஷ் என எல்லாம் ஜெர்மன் பெயர்கள். இதைச் சங்கம் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. பீர் குடிப்பது தேசத்துரோகம் என்ற அளவுக்குப் பிரசாரம் போனது. இங்கே அரசும் தன் கையைக் காட்டியது. உணவுத் தானியத்தில் சாராயம் காய்ச்சுவதைப் போர்க்காலச் சட்டம் தடுத்தது. பீர் ஆலைகளின் பண உதவி பெற்ற ஜெர்மானிய அமெரிக்கர் கூட்டமைப்பைச் செனட் விசாரித்தது. 1918ல் நாடாளுமன்றம் அதன் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. ஒரு குழுவின் கோபமும் அரசின் அதிகாரமும் ஒரே திசையில் சேர்ந்தால் எதிரில் நிற்பவருக்கு வாய் திறக்க இடம் இருக்காது. சலூன்களால் உண்மையிலேயே துன்பப்பட்ட குடும்பங்களுக்காகத் தொடங்கிய இயக்கம், வழியில் குடியேறிகள் மீதும் கறுப்பினத்தவர் மீதும் இருந்த வெறுப்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டது என்பதை மறைக்க முடியாது.

1917 டிசம்பரில் 18ஆவது திருத்தம் இரு சபைகளிலும் நிறைவேறியது. 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தர வேண்டும். 13 மாதங்களில் அதுவும் கிடைத்தது. 1919 ஜனவரி 16 அன்று நெப்ராஸ்கா 36ஆவது மாநிலமாக ஒப்புதல் தந்தது. 1919 அக்டோபரில் வந்த அமலாக்கச் சட்டம், 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது போதைப்பானம் என்று வரையறுத்தது. அதிபர் வில்சன் தடுத்தும் சபைகள் அதை நிறைவேற்றின. தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றிருந்த பீர்க்காரர்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

வென்ற பிறகு

1920 ஜனவரி 17 முதல் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. தொடக்க ஆண்டுகளில் மது நுகர்வு நன்றாகவே குறைந்தது. கல்லீரல் நோய் இறப்புகளும் குறைந்த நிலையில் இருந்தன. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

ஆனால் சட்டத்தை அமல்படுத்த மத்திய அரசு வைத்த ஆட்கள் முதலில் சுமார் 1,500 பேர். அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது எந்த மூலைக்கு? அந்த 1,500 பேரும் தேர்வு எழுதி வந்தவர்கள் அல்ல. எம்.பி.க்களின் சிபாரிசில் நியமிக்கப்பட்டவர்கள். இதற்குச் சங்கமும் உடந்தை. வேலை போட்டுக் கொடுக்கும் அதிகாரம் எம்.பி.க்களிடம் இருந்தால், எம்.பி.க்கள் சங்கத்தின் பக்கம் இருப்பார்கள் என்பது வீலரின் கணக்கு. லஞ்சம் பெருகியது. 1927ல் இந்த ஊழியர்களையும் தேர்வு எழுத வைத்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் தேர்ச்சி பெறவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அமெரிக்காவில் நகரவாசிகள் முதல்முறையாகக் கிராமவாசிகளை மிஞ்சினார்கள். கணக்கெடுப்புக்கு ஏற்பத் தொகுதிகளை மாநிலங்களுக்கு மறுபங்கீடு செய்ய வேண்டும் என்பது அரசியல் சட்டம். செய்தால் மதுவிலக்கை விரும்பாத நகரங்களுக்கு இடங்கள் கூடும். கிராமப்புற எம்.பி.க்கள் இழுத்தடித்தார்கள். மறுபங்கீட்டுக்கான சட்டம் 1929ல்தான் வந்தது. வென்றதைக் காப்பாற்ற, எண்ணிக்கையை எண்ணாமலே விட்டார்கள்.

கடல்வழிக் கடத்தலைத் தடுக்க அமெரிக்கா பிரிட்டனை நெருக்கியது. கரையிலிருந்து 3 மைலுக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்களைச் சோதிக்க அமெரிக்காவுக்கு உரிமை கிடையாது. 1924ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்துக்குள் சோதனையிடலாம் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, பிரிட்டிஷ் பயணிகள் கப்பல்கள் தங்கள் மதுவை முத்திரையிட்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்குக் கொண்டுவரலாம் என்று அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. அரசுகளுக்கு இடையிலான அழுத்தம் இப்படித்தான். ஒன்றை வாங்க ஒன்றைக் கொடுக்க வேண்டும். உள்நாட்டில் சங்கம் செய்யத் தவறியதும் இதைத்தான். பீர், ஒயின் பற்றி எந்தச் சமரசத்துக்கும் அது இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் அழுத்தம் விஷமாகவே மாறியது. தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று, அதில் கலக்கும் நச்சின் அளவைக் கூட்ட அரசு உத்தரவிட்டது. 1926 கிறிஸ்துமஸ் நாட்களில் நியூயார்க் நகரில் பலர் இறந்தார்கள். அந்நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நோரிஸ் அரசைப் பகிரங்கமாகக் கண்டித்தார். தடை செய்யப்பட்டதைத் தெரிந்தே குடிப்பவர் தற்கொலை செய்துகொள்கிறார் என்ற பொருளில் வீலர் பதில் சொன்னார். பல நடுநிலையாளர்களின் மனம் அப்போது விலகியது. 1927ல் வீலர் இறந்தார்.

அதே ஆயுதம், வேறு கைகள்

மதுவிலக்கை நீக்கியவர்கள் சங்கத்தின் பாடப்புத்தகத்தையே எடுத்துக்கொண்டார்கள். திருத்தத்தை எதிர்க்கும் அமைப்பு ஒன்று 1918லேயே தொடங்கியிருந்தது. பின்னர் பியர் டூபாண்ட் போன்ற பெரும் தொழிலதிபர்கள் அதற்குள் வந்தார்கள். மது வரி திரும்பி வந்தால் தங்கள் வருமான வரி குறையும் என்ற எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. 1913ல் வருமான வரியைக் காட்டி மதுவைத் தடுத்தார்கள் என்றால், இப்போது மதுவைக் காட்டி வருமான வரியைக் குறைக்கப் பார்த்தார்கள்.

திருப்பம் தந்தவர் பாலின் சேபின் என்ற பெண்மணி. நியூயார்க்கைச் சேர்ந்தவர், குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவில் இருந்தவர். பெண்கள் எல்லோரும் மதுவிலக்கின் பக்கம் என்று மதுவிலக்குச் சங்கத்தினர் பேசிவந்ததை ஏற்க மறுத்து, 1929ல் சிகாகோவில் ஒரு பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் 10 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருப்பதாக அந்த அமைப்பு சொன்னது. சட்டம் மதிக்கப்படாத நாட்டில் தங்கள் பிள்ளைகள் வளர்வதே பெரிய ஆபத்து என்பது அவர்கள் வாதம். எந்தத் தாய்மார்களின் பெயரால் சட்டம் வந்ததோ, அந்தத் தாய்மார்களின் பெயராலேயே அதை எடுக்கக் கேட்டார்கள். கட்சி பார்க்காமல் வேட்பாளர்களிடம் அவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

1929ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி மிச்சத்தைச் செய்தது. வருமான வரி வசூல் சரிந்தது. அரசுக்குப் பணம் தேவைப்பட்டது. 1932ல் இளைய ராக்பெல்லரே மதுவிலக்கைக் கைவிடலாம் என்று எழுதினார். அந்த ஆண்டு ரூஸ்வெல்ட் வென்றார். 1933 பிப்ரவரியில் 21ஆவது திருத்தம் நிறைவேறியது. இந்த முறை மாநிலச் சட்டமன்றங்களுக்கு அனுப்பவில்லை. அவர்கள் பழைய அழுத்தத்துக்குப் பழகியவர்கள். இதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட மாநாடுகளிடம் ஒப்புதல் கேட்டார்கள். டிசம்பர் 5 அன்று யூட்டா 36ஆவது மாநிலமாக ஒப்புதல் தந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் முழுமையாக ரத்து செய்யப்பட்ட ஒரே திருத்தம் இன்றுவரை 18ஆவது திருத்தம்தான்.

சேலத்தில் கேட்ட எதிரொலி

கஜானா கணக்கு நம் மாநிலத்திலும் நடந்திருக்கிறது. ராஜாஜி 1929ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வரும் வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரி விதித்தார். இன்று நம் மளிகைக் கடை பில்லில் இருக்கும் வரியின் மூதாதை அது.

1971ல் மது திரும்பி வந்தது. அதற்காக வந்த விற்பனை வரி திரும்பிப் போகவில்லை. அமெரிக்காவிலும் மது திரும்பியது, வருமான வரி அப்படியே இருந்தது. அரசைச் சுற்றி எத்தனை குழுக்கள் அழுத்தினாலும், அரசுக்கும் தனக்கென்று ஒரு தேவை உண்டு. மனு எழுதும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்பவர்கள்தான் காரியத்தை முடிக்கிறார்கள்.

நமக்கு என்ன?

ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கு இந்தக் கதையில் எடுத்துக்கொள்ளப் பல விஷயங்கள் இருக்கின்றன. ஒரே மனுவில் பத்துக் கோரிக்கைகளை எழுதினால் அதிகாரி தனக்கு எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார். ஒரே கோரிக்கை என்றால் நழுவ முடியாது. யார் என்ன வாக்குக் கொடுத்தார், என்ன செய்தார் என்பதைத் தேதியுடன் எழுதிவைக்க வேண்டும். எந்தக் கட்சி வந்தாலும் கோரிக்கை மாறக்கூடாது. ஒரு நாள் கூட்டமாகப் போவதைவிட, மாதாமாதம் தவறாமல் போவது பலன் தரும். இவையெல்லாம் வீலர் செய்தவை.

அவர் செய்யத் தவறியது இன்னும் முக்கியம். எதிரில் இருப்பவர்களின் வாக்கை அவர் வாங்கினார், சம்மதத்தை வாங்கவில்லை. எந்தக் குடியிருப்பிலும் இது நடக்கக்கூடியதே. 200 வீடுகள் உள்ள இடத்தில் பொதுக்குழுவுக்கு 40 பேர் வருகிறார்கள். அதில் 25 பேர் முன்கூட்டியே பேசிவைத்து வந்திருக்கிறார்கள். வளர்ப்பு நாய் பற்றியோ, விருந்தினர் வண்டி நிறுத்துவது பற்றியோ ஒரு கடுமையான விதி நிறைவேறிவிடுகிறது. கோரம் இருந்தது, வாக்கெடுப்பு நடந்தது, சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் வராத 160 வீடுகளில் பலர் அதை மதிக்கப் போவதில்லை. பிறகு காவலாளிதான் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் திட்டு வாங்குவார்.

அந்தக் காவலாளியின் நிலைதான் அன்று அந்த 1,500 அமலாக்க ஊழியர்களின் நிலையும். எனவே அடுத்த முறை ஒரு விதியைக் கொண்டுவர நினைப்பவர்கள், கூட்டத்துக்கு வந்து வாக்களிக்கப் போகிறவர்களோடு மட்டும் பேசாமல், அதை விரும்பாதவர்களின் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். விரும்பாதவர்களும் பொதுக்குழு நாளன்று ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கீழே இறங்கி வரலாம்.